நைட்ராக்ஸ் டேங்கும் ஆக்சிஜன் கிளீனிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேங்க் நிரப்பும் அறைப் பக்கம் வருகிற டைவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய டைவிங் காற்று) கோர்ஸ் முடித்தவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கோர்ஸ் தண்ணீருக்குள் என்ன செய்வது என்று சொல்லித்தருகிறது. டேங்கின் உள்பக்கம் பற்றியும், ஆக்சிஜனில் தீப்பிடிக்காமலிருக்க அங்கே எண்ணெயையும் தூசியையும் அகற்றும் ஆக்சிஜன் கிளீனிங் பற்றியும் அதில் அதிகம் இருக்காது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் ஆக்சிஜன் நிரப்பக் கிளம்பிவிட வேண்டாம், அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. உங்கள் டேங்கை யாரிடம் கொடுக்கலாம், கொடுக்கும்போது என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

டேங்க்ல இருக்கிறது ஆக்சிஜன்தானே? அப்புறம் நைட்ராக்ஸ்னா என்ன?

சாதாரண டேங்கில் இருப்பது நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான்: சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், 78 சதவீதம் நைட்ரஜன், கொஞ்சம் ஆர்கான். ஈரத்தையும் தூசியையும் வடிகட்டி, 200 பார் அழுத்தத்தில் (1 பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அடைத்து வைத்திருக்கிறார்கள். இதில் ஆக்சிஜனின் பங்கைக் கூட்டினால் அது நைட்ராக்ஸ். அதிகம் புழங்குவது 32, 36 சதவீதக் கலவைகள். அமெரிக்காவின் நோவா என்ற கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தில் மோர்கன் வெல்ஸ் 1970களில் இதை ஒழுங்குபடுத்தினார்; 1979-ல் நோவாவின் டைவிங் கையேட்டில் இடம்பெற்றது. 1985-ல் டிக் ருட்கௌஸ்கி பொழுதுபோக்கு டைவர்களுக்கும் கற்றுத்தரத் தொடங்கினார்.

நைட்ரஜன் குறைவதால் உடம்பில் சேருவதும் குறையும். அதே ஆழத்தில் கூடுதல் நேரம் இருக்கலாம். ஆனால் கூடுதல் ஆழம் போகலாம் என்று நினைப்பது தலைகீழான புரிதல். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பதுதான் வழக்கமான வரம்பு. 32 சதவீதக் கலவையில் 33 மீட்டரிலும், 36 சதவீதத்தில் 28 மீட்டரிலும் அந்த வரம்பு வந்துவிடும். அதைத் தாண்டினால் தண்ணீருக்குள்ளேயே வலிப்பு வரலாம். முன்னறிகுறி எதுவும் இல்லாமலும் வரும்.

ஆக்சிஜன் எரியாதுன்னு ஸ்கூல்ல படிச்சோம். அதுக்குப் போய் ஏன் இவ்வளவு பயம்?

படித்தது சரிதான். ஆக்சிஜன் எரியாது, மற்றதையெல்லாம் எரிய வைக்கும். சாதாரணக் காற்றில் பற்றவே பற்றாத பொருட்கள் அழுத்தமான ஆக்சிஜனில் சீக்கிரம் பற்றும், வேகமாகவும் அதிகச் சூட்டோடும் எரியும். எண்ணெய், கிரீஸ், ரப்பர் மட்டுமில்லை, அலுமினியமும் இரும்பும்கூட இந்தப் பட்டியலில் உண்டு.

1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 விண்கலத்தில் மூன்று வீரர்கள் இறந்தது தரையில் நடந்த ஒரு சோதனையின்போதுதான். கேபினில் ஏறக்குறைய சுத்தமான ஆக்சிஜன், வெளிக்காற்றைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில் இருந்தது. 1970-ல் அப்போலோ 13-ன் ஆக்சிஜன் டேங்க் வெடித்ததற்குக் காரணம் உள்ளே இருந்த மின்கம்பியின் டெஃப்ளான் உறை பற்றிக்கொண்டது. ஆக்சிஜனோடு பயன்படுத்த நல்லது என்று நாம் தேடி வாங்குகிற அதே டெஃப்ளான்தான். ஆக்சிஜனில் எரியவே எரியாத பிளாஸ்டிக் என்று ஒன்றை நம்பி உட்கார முடியாது.

டேங்குக்குள்ள தீக்குச்சியா இருக்கு? தீ எங்கிருந்து வரும்?

முக்கியமாக இரண்டு வழிகள். முதலாவது, வாயு சட்டென்று நெருக்கப்படும்போது வரும் சூடு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷயம்தான், அளவுதான் வேறு. அறை வெப்பத்தில் இருக்கும் வாயுவை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 1 பாரிலிருந்து 200 பாருக்கு நெருக்கினால், கணக்குப்படி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். நிஜத்தில் உலோகம் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆனால் வால்வைப் படக்கென்று திறந்தால், குழாயின் மூடிய முனையில் இருக்கும் சின்ன ஓ-ரிங்கையோ (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு துளி எண்ணெயையோ பற்றவைக்க அது தாராளமாகப் போதும்.

இரண்டாவது, துகள் மோதுவது. துருத்தூள், மரையிலிருந்து உதிர்ந்த உலோகச் சிராய், மணல் ஆகியவை வாயுவோடு வேகமாகப் பறந்து வந்து ஒரு வளைவில் மோதினால் அந்த இடத்தில் சூடேறும். அதனால் கிளீனிங் என்றால் எண்ணெய் எடுப்பது மட்டும் என்று நினைக்க வேண்டாம். தூசியும் அதே அளவுக்கு எதிரி.

40 சதவீதத்துக்குக் கீழேன்னா கிளீனிங்கே வேண்டாம்னு இன்ஸ்ட்ரக்டர் சொன்னாரே?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். 40 என்ற எண் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள கலவையைத் தொடும் கருவிகளை ஆக்சிஜனுக்கென்றே வடிவமைத்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில், வணிக டைவிங் பகுதியில் இருக்கிறது. அதே நாட்டின் அழுத்த வாயுத் துறை 23.5 சதவீதத்தைத் தாண்டினாலே ஆக்சிஜன் மாதிரி நடத்தச் சொல்கிறது. ஐரோப்பியத் தரநிலை 22 சதவீதத்திலேயே கோடு போட்டுவிடுகிறது.

எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் சரி, கவனிக்க வேண்டியது கடைசியில் நீங்கள் சுவாசிக்கும் சதவீதத்தை இல்லை. டேங்கும் வால்வும் வழியில் எந்தச் சதவீதத்தைத் தொடுகின்றன என்பதைத்தான். பல டைவ் சென்டர்களில் முதலில் காலி டேங்குக்குள் சுத்த ஆக்சிஜனை விட்டு, அதன்மேல் காற்றை நிரப்புகிறார்கள். 200 பாருக்கு 32 சதவீதம் வேண்டுமென்றால் முதலில் சுமார் 28 பார் ஆக்சிஜன் போக வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் உங்கள் டேங்க் 32 சதவீத டேங்க் இல்லை, ஏறக்குறைய 100 சதவீத டேங்க். இந்த முறையில் நிரப்பினால் 40 சதவீத விதி உங்களுக்குப் பொருந்தாது.

கம்ப்ரசருக்குப் போகும் காற்றிலேயே ஆக்சிஜனைக் கலந்தோ, மெம்பரேன் என்ற சவ்வு வழியாக நைட்ரஜனைப் பிரித்தோ கலவை தயாராகிற இடமென்றால் கதை வேறு. அங்கே டேங்குக்குள் போவதே 32 அல்லது 36 தான்; சாதாரணமாகச் சுத்தமாக உள்ள டேங்க் போதும் என்று பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் ஏற்கின்றன. ஆகவே டைவ் சென்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி “எத்தனை சதவீதம்?” இல்லை, “எப்படி நிரப்புறீங்க?” என்பது.

இப்பதான் புது டேங்க் வாங்கினேன். பாக்கெட் கூடப் பிரிக்கலை. புதுசுக்கும் கிளீனிங்கா?

ஆமாம், ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்யப்பட்டது என்று தயாரிப்பாளர் எழுத்தில் தராத வரைக்கும். மரை வெட்டும்போது பயன்படுத்திய எண்ணெய், பாலிஷ் தூள், வால்வைப் பொருத்தியவர் தடவிய சிலிகான் கிரீஸ் எல்லாம் புது டேங்கில் இருக்கலாம். கண்ணுக்குப் பளபளவென்று தெரிவது எதையும் நிரூபிக்காது.

ஓ-ரிங்கையும் கிரீஸையும் ஏன் மாத்தணும்? சிலிகான் கிரீஸ் நல்லதுதானே?

சாதாரண டைவிங்குக்கு நல்லதுதான். அழுத்தமான ஆக்சிஜனில் அது எரிபொருள். இதற்கென்று புளோரின் சேர்ந்த, எளிதில் பற்றாத கிரீஸ்கள் இருக்கின்றன: கிறிஸ்டோலூப், கிரைட்டாக்ஸ், ட்ரைபோலூப் போன்றவை. விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் ஓ-ரிங்குக்குத் தேவை லேசான ஒரு பளபளப்பு மட்டும், அப்பி வைக்க வேண்டியதில்லை. கருப்பு நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குக்குப் பதில் பெரும்பாலும் வைட்டான் என்ற வேறு வகை ரப்பரில் செய்ததைப் போடுவார்கள். சில இடங்களில் ஈபிடிஎம்.

பொருட்களை மட்டும் மாற்றிவிட்டுச் சுத்தம் செய்யாமல் விட்டாலும் பயனில்லை, சுத்தம் செய்துவிட்டுப் பழைய ஓ-ரிங்கையே போட்டாலும் பயனில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த டேங்க் ஆக்சிஜனுக்குத் தயார்.

கிளீனிங்னா உண்மையில என்னதான் செய்வாங்க? சும்மா ஸ்டிக்கர் ஒட்டிக் காசு வாங்குறாங்களோன்னு தோணுது.

நியாயமான சந்தேகம், விவரமாகவே சொல்கிறேன். முதலில் டேங்கை மெதுவாகக் காலி செய்வார்கள். சத்தம் நின்ற பிறகும் வால்வு திறந்திருக்கிறதா, உள்ளே அழுத்தம் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் வால்வைக் கழற்றுவார்கள். கழற்றியதும் முதல் வேலை முகர்ந்து பார்ப்பது. எண்ணெய் வாடை அடித்தால் அந்த டேங்கை நிரப்பிய கம்ப்ரசரைப் பற்றி அங்கேயே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். அப்புறம் சின்ன விளக்கை உள்ளே இறக்கி, சுவர், அடிப்பகுதி, கழுத்து மரை மூன்றையும் பார்ப்பார்கள். ஸ்டீல் டேங்கில் துரு இருந்தால், உரசி எடுக்கும் கற்களை உள்ளே போட்டு உருளைகளின் மேல் மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள்.

பிறகு கழுவுவது. எச்சம் விடாத, இதற்கென்று உள்ள டிடர்ஜென்ட்டைச் சுடுநீரில் கலந்து, டேங்கைப் படுக்கவைத்துச் சுற்றுவார்கள். முன்பு ஃப்ரீயான் வகைக் கரைப்பான்களைப் பயன்படுத்தினார்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவை போய்விட்டன. அடுத்து நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசல். அலசிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். நுரை அப்படியே நின்றால் சோப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி அலச வேண்டும்.

ஸ்டீல் என்றால் இந்த இடத்தில் அவசரம். ஈரமாக விட்ட சில நிமிடங்களில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துரு படரத் தொடங்கிவிடும். எண்ணெய் இல்லாத வெதுவெதுப்பான காற்றையோ நைட்ரஜனையோ நீளமான குழாய் வழியாக அடிவரை விட்டுக் காயவைப்பார்கள். அலுமினியத்தைச் சீக்கிரம் காயவைக்கிறேன் என்று பெயிண்ட் காயவைக்கும் அடுப்பில் வைப்பது கூடவே கூடாது. அதிகச் சூட்டில் அந்த உலோகத்தின் வலு போய்விடும்.

வால்வுதான் இன்னும் கவனமான வேலை. தீப்பிடிக்கும் வாய்ப்பு டேங்கின் பெரிய வயிற்றைவிட வால்வின் குறுகலான வழிகளில்தான் அதிகம். அதை முழுவதும் பிரித்து, மீயொலித் தொட்டியில் கழுவி, பவுடர் இல்லாத கையுறை போட்டுத்தான் திரும்பக் கோர்ப்பார்கள். வெறுங்கையால் தொட்டால் விரல் எண்ணெய் போதும், செய்த வேலை வீண்.

சுத்தமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

மூன்று நான்கு சோதனைகளைச் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல வெளிச்சத்தில் நேரடியாகப் பார்ப்பது, நூல் உதிராத வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது, புற ஊதா விளக்கில் பார்ப்பது, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. சுத்தமான உலோகத்தில் தண்ணீர் ஒரே படலமாக வழியும். எண்ணெய் இருந்தால் முத்து முத்தாகத் திரளும்.

புற ஊதா விளக்கைக் காட்டி “பாருங்க, ஒண்ணுமே ஒளிரலை” என்று சொன்னால் அதை மட்டும் வைத்துத் திருப்திப்பட வேண்டாம். கனிம எண்ணெய்கள் பல ஒளிரும். சில செயற்கை எண்ணெய்களும் சிலிகானும் ஒளிராமலே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வீட்ல பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு நானே கழுவிட்டா?

சாதாரண டேங்கில் உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டது என்றால்கூட ஆய்வுப் பயிற்சி பெற்றவரிடம் கொடுப்பதுதான் முறை. ஆக்சிஜனுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். பாத்திர லிக்விடில் வாசனையும் நிறமும் கைக்கு மென்மை தரும் சேர்ப்புகளும் இருக்கும், அவை எச்சமாகத் தங்கும். பெட்ரோலும் தின்னரும் நீங்கள் அகற்ற நினைப்பதையே உள்ளே ஊற்றுவது போலாகும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும். கூடவே ஹைட்ரஜனும் வெளியேறும். இதைவிட மோசமான யோசனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்டீலா, அலுமினியமா? எது பாதுகாப்பு?

இரண்டுமே நடைமுறையில் இருக்கின்றன. ஸ்டீலில் துருத்தூள் தொல்லை. அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் ஒருமுறை பற்றிவிட்டால் கடும் சூட்டோடு எரியும். பராமரிப்புதான் தீர்மானிக்கிறது, உலோகம் இல்லை.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 6351 என்ற கலவையில் செய்த பழைய அலுமினிய டேங்குகளின் கழுத்தில் மெல்ல மெல்ல விரிசல் வளரும் குறை இருந்தது. லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988-ல் 6061 கலவைக்கு மாறியது. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று அதற்கு முந்தைய டேங்கை நைட்ராக்ஸுக்கு வாங்க வேண்டாம். இன்னொன்று டைட்டானியம்: எடை குறைவு, கடல்நீர் அரிக்காது, ஆனால் அடர்ந்த ஆக்சிஜனில் எளிதில் பற்றும். ரெகுலேட்டரில் (டேங்கின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) டைட்டானியம் பாகம் இருந்தால் 40 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

கிளீன் பண்ணின டேங்க்ல அவசரத்துக்கு ஒரு தடவை சாதாரணக் காற்று அடிச்சேன். அதுக்கென்ன இப்போ?

கிளீனிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் டைவிங் காற்றுக்குப் பொதுவாகச் சொல்லும் கிரேடு ஈ தரம், ஒரு கன மீட்டரில் 5 மில்லிகிராம் வரை எண்ணெயை அனுமதிக்கிறது. ஆக்சிஜனோடு கலக்கும் காற்றுக்கான வரம்பு 0.1 மில்லிகிராம். ஐம்பதில் ஒரு பங்கு. உங்கள் நுரையீரலுக்குப் பாதகமில்லாத காற்று, ஆக்சிஜன் விடப்போகும் டேங்குக்குப் பாதகமாக இருக்கலாம்.

அந்த டைவ் சென்டரில் கூடுதல் பில்டர் போட்டு, காற்றைப் பரிசோதித்து அறிக்கை வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. தெரியாத கம்ப்ரசர் என்றால் மறுபடி கழுவத்தான் வேண்டும். டேங்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், கழுவிய அன்றைக்கு டேங்க் எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது. அதற்குப் பிறகு யார் யார் என்ன அடித்தார்கள் என்று அதற்குத் தெரியாது. இதனால்தான் ஆக்சிஜன் டேங்கை நண்பர்களுக்கு இரவல் கொடுக்க நான் கையை இழுப்பேன்.

சாதாரண டேங்க்ல 200 பார் காற்றுன்னா ஆக்சிஜனோட பங்கு மட்டும் 42 பார். நீங்க சொல்ற 28 பார் அதைவிடக் கம்மிதானே? அது ஏன் ஆபத்து?

அருமையான கேள்வி, கணக்கும் சரி. விடை நைட்ரஜனில் இருக்கிறது. காற்றில் ஒரு துளி எண்ணெய் பற்ற முயன்றால், வருகிற சூட்டில் பெரும்பகுதி சுற்றியுள்ள நைட்ரஜனைச் சூடேற்றவே செலவாகிவிடும். தீ பரவ மிச்சம் கிடைப்பது குறைவு. சுத்த ஆக்சிஜனில் அந்தத் தடுப்பு இல்லை. அழுத்தம் முக்கியம்தான், ஆனால் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதன் பங்கு அதைவிடப் பெரிது. அதற்காகக் காற்று முழுப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. எண்ணெய் தேங்கிய உயர் அழுத்தக் கம்ப்ரசர்கள் வெறும் காற்றிலேயே தீப்பிடிப்பது உண்டு.

ஆக்சிஜன் விடுறப்போ ஏன் அவ்வளவு நேரம் எடுக்குறாங்க? 28 பார்தானே!

மேலே தீ எப்படி வரும் என்ற கேள்வியில் சொன்ன சூடுதான் காரணம். நிமிடத்துக்கு 4 பார் அளவில்தான் ஏற்றுவார்கள், ஆக 28 பாருக்கு ஏழு நிமிடம். கால் சுற்றில் முழுவதும் திறந்துவிடும் பால் வால்வை (உள்ளே துளையிட்ட உருண்டை உள்ள வால்வு) உயர் அழுத்த ஆக்சிஜன் வழியில் வைக்கக் கூடாது. மெல்லத் திறக்கும் ஊசி வால்வுதான் இருக்க வேண்டும். நிரப்பும் இடத்தில் பால் வால்வைப் பார்த்தாலோ, நிரப்புகிறவர் “இதோ ரெண்டு நிமிஷம் சார்” என்றாலோ உங்கள் டேங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வெல்டிங் ஆக்சிஜன் மலிவா கிடைக்குது. மெடிக்கலுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு சொல்றாங்களே?

பெரும்பாலும் இரண்டும் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரித்த அதே ஆக்சிஜன்தான். வித்தியாசம் சிலிண்டரைக் கையாள்வதிலும் ஆவணத்திலும். வெல்டிங் பட்டறைக்குப் போய்வந்த சிலிண்டருக்குள் என்ன பின்னோக்கிப் புகுந்தது என்று யாருக்கும் தெரியாது. மூச்சு விடப்போவது நீங்கள், சுவாசத்துக்கென்று சான்றளித்ததையே வாங்குங்கள்.

அவங்களே அளந்து டேங்க்ல எழுதித்தான் தர்றாங்க. நானும் அளக்கணுமா?

ஆமாம், ஒவ்வொரு முறையும், உங்கள் கண் முன்னால். அளவியின் சென்சாரை முதலில் காற்றில் 20.9 சதவீதத்துக்குச் சரிசெய்து, வாயுவை மெல்லிய சீரான ஓட்டத்தில் விட்டு, எண் அசையாமல் நிற்கும்வரை பாருங்கள். பிறகு சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, உங்கள் கையெழுத்து. நிரப்பிய சூடு ஆறாத டேங்க் என்றால் கொஞ்சம் பொறுத்து அளப்பது நல்லது.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மட்டக்களப்புக் கடலை நினைத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானம்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ் அங்கே சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றிலேயே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.3 பாரைத் தாண்டுகிறது. டேங்க் மாறி 32 சதவீதத்தோடு இறங்கினால் 2 பார். அங்கே இறங்கும் டெக்னிக்கல் டைவர்கள் மேலே வரும்போது மாற்றிக்கொள்ள 50 சதவீத டேங்க் ஒன்றைத் தோளில் மாட்டியிருப்பார்கள். மேலே வரும் கட்டத்தில் மட்டும் வரம்பை 1.6 பார் வரை ஏற்பதால், அதை 21 மீட்டருக்கு மேலே வந்த பிறகுதான் வாயில் வைக்கலாம். எழுத்து அழிந்த டேங்கோடு இந்த வேலைக்குப் போகக் கூடாது.

டேங்க்ல பாதி நைட்ராக்ஸ் மிச்சம் இருக்கு. மேல சும்மா காற்றை டாப்-அப் பண்ணிக்கலாமா?

கணக்குப்படி, 100 பார் 32 சதவீதத்தின் மேல் 100 பார் காற்று அடித்தால் 26.5 சதவீதம் வரும். தண்ணீருக்குள் அது நல்ல கலவைதான். பழைய எழுத்தை அழித்து, மறுபடி அளந்து, புதிதாக எழுத வேண்டும். பழைய 32-ஐ நம்பி, கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் போட்டால், உடம்பில் உண்மையாகச் சேரும் நைட்ரஜன் திரையில் காட்டுவதைவிட அதிகமாக இருக்கும்.

அந்தக் காற்று எந்தக் கம்ப்ரசரிலிருந்து வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். சாதாரணக் காற்று என்றால், அடுத்த முறை ஆக்சிஜன் விடுவதற்கு முன் அந்த டேங்குக்கும் மேலே ஒருமுறை காற்றடித்தவருக்குச் சொன்ன பதில்தான். டேங்கைக் கொடுக்கும்போது, நிரப்புகிறவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லிவிடுங்கள்.